அதே ரிசீவர், அதே கோளாறு: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹோம் தியேட்டர் ரிசீவரை, அதாவது டி.வி., செட்-டாப் பாக்ஸ் ஒலியை வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டியைப் பற்றியவை. எழுதியவர்கள் கடலூர், புதுச்சேரிக்காரர்கள். பழுது பார்த்தோம், சில மாதம் ஓடியது, மறுபடியும் அதே கோளாறு என்பதுதான் எல்லோருடைய குறையும். திருப்பாதிரிப்புலியூரில் பழுதுபார்க்கும் கடை நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பாகம் ஒருமுறை போனால், அதன் ஆயுள் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். அதே பாகம் இரண்டாவது முறையும் போனால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. பக்கத்துப் பாகத்தில் இருக்கலாம், ஸ்பீக்கர் வயரில் இருக்கலாம், பெட்டியை வைத்திருக்கும் அலமாரியில் இருக்கலாம், வீட்டு எர்த்தில் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் பாகத்தை மட்டும் மாற்றிக் கொடுப்பதை நான் வேலையாகவே எண்ணுவதில்லை.

கேள்வி: ஐயா, வணக்கம். எங்களுடையது ஏழு சேனல் ரிசீவர். வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆன் செய்தால் 'புரொடெக்ட்' என்று காட்டிவிட்டு உடனே அணைந்துவிடுகிறது. அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விட்டது என்று மாற்றிக் கொடுத்தார்கள். நான்கு மாதம் ஓடியது. மறுபடியும் அதே சேனலில் அதே டிரான்சிஸ்டர். இப்போது மூன்றாவது முறையாகப் படுத்துவிட்டது. தூக்கிப் போட்டுவிடலாமா?
— வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: போட வேண்டாம். ஒரே சேனலில் ஒரே டிரான்சிஸ்டர் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் தேட வேண்டிய இடம் சுருங்கிவிட்டது என்று பொருள். அந்த வகையில் உங்கள் கோளாறு நல்ல கோளாறு.

முதலில் நீங்களே செய்யக்கூடியது. பிளக்கைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் இருக்கும் எல்லா ஸ்பீக்கர் வயர்களையும் எடுத்துவிடுங்கள். பிறகு வெறும் ரிசீவரை மட்டும் ஆன் செய்யுங்கள். 'புரொடெக்ட்' என்பது ஆபத்து கண்டதும் ரிசீவர் தன்னைத்தானே அணைத்துக்கொள்வது. அது வராமல் ரிசீவர் ஆன் ஆகி நின்றால் குற்றம் வயரிலோ ஸ்பீக்கரிலோ இருக்கிறது. ஸ்பீக்கரே இல்லாமலும் வந்தால் குற்றம் உள்ளே. அதற்கு மேல் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள்.

உங்கள் பெட்டி மூன்று முறை பட்டிருப்பதால் இரண்டு பக்கத்தையும் சந்தேகிக்க வேண்டும். வயரிலிருந்து தொடங்குகிறேன். பெட்டியின் பின்னால் டார்ச் அடித்து ஸ்பீக்கர் டெர்மினல்களைப் பாருங்கள். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே தலைமுடி பருமனில் ஒரு செப்பு இழை நீட்டிக்கொண்டிருந்தால் போதும், வேறு எதிரி வேண்டாம். சத்தம் குறைவாக இருக்கும்போது அது எதையும் தொடாமல் இருக்கும். பேஸ் அதிர்வில் வயர் அசையும்போது எதிர் டெர்மினலைத் தொட்டு ஷார்ட் ஆகும். 'படத்தில் குண்டு வெடிக்கும்போது மட்டும் அணைகிறது' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். வயர் நுனியை முறுக்கி, பனானா பிளக் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீரும். சுவருக்குள் பைப்பில் போன வயராக இருந்தால், படம் மாட்ட அடித்த ஆணி எங்கேயாவது அதைத் துளைத்திருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஓம் கணக்கு, அதாவது ஸ்பீக்கரின் மின்தடை. உங்கள் ரிசீவரின் பின்பக்கத்தில் 6 ஓம் முதல் 16 ஓம் வரை என்பது போல எழுதியிருக்கும். அந்தச் சேனலில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை இணையாகக் கொடுத்திருந்தால் அது 4 ஓம் ஆகிவிடும். ஒரே வோல்டேஜுக்கு ஓம் பாதியானால் கரண்ட் இரு மடங்கு. டிரான்சிஸ்டர் நாள்தோறும் அந்தச் சூட்டில் வெந்துகொண்டிருக்கும்.

இனி உள்ளே. அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் ஜோடியாக வேலை செய்பவை. ஒன்று ஷார்ட் ஆகும்போது அதன் ஜோடி, இரண்டையும் இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர்கள், 0.22 ஓம் போன்ற சிறு மதிப்புள்ள எமிட்டர் ரெசிஸ்டர்கள் எல்லாமே அடி வாங்கியிருக்கும். செத்ததை மட்டும் மாற்றினால், அரை உயிரோடு இருக்கும் மற்றவை சில மாதத்தில் புதியதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இதைவிட அடிக்கடி நான் பார்ப்பது இன்னொன்று. டிரான்சிஸ்டர்களின் சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் தகடான ஹீட் சிங்க் மீது, சூட்டை உணர்வதற்கென்றே ஒரு சிறிய டிரான்சிஸ்டர் ஒட்டியிருக்கும். சூடு ஏறினால் பயாஸ் கரண்டை, அதாவது பாட்டு ஓடாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு கரண்டைக் குறைப்பது அதன் வேலை. பழுது பார்க்கும்போது அதைக் கழற்றிவிட்டு, பேஸ்ட் தடவி இறுக்கிப் பொருத்தாமல் அந்தரத்தில் விட்டுவிட்டால், ஹீட் சிங்க் கொதிப்பது அதற்குத் தெரியாது. சூடு ஏற ஏறக் கரண்டும் ஏறும், கரண்ட் ஏற ஏறச் சூடும் ஏறும். கடையில் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டும்போது நன்றாகப் பாடும். வீட்டில் சித்திரை வெயிலில் மூன்று மணி நேரம் படம் பார்க்கும்போது போய்விடும். நான்கு மாதம் கழித்துப் போனது என்கிறீர்களே, இடையில் கோடை வந்ததா என்று எண்ணிப் பாருங்கள்.

போலி டிரான்சிஸ்டரும் ஒரு காரணம். சி5200, ஏ1943 என்ற ஜோடி ஆம்ப்ளிஃபயர் உலகத்தில் பெயர்பெற்றது. அதனாலேயே அதிகம் போலி செய்யப்படுவதும் அதுதான். மேலே அதே எண், அதே எழுத்து. உடைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டு அசலில் பாதிகூட இருக்காது. 15 ஆம்பியர் தாங்க வேண்டியது அதில் ஒரு பங்கைக்கூடத் தாங்காது.

ஆகவே, இந்த முறை கொடுக்கும்போது நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: கழற்றிய எல்லாப் பாகங்களும் உங்கள் கைக்கு வர வேண்டும், ஜோடியும் டிரைவரும் எமிட்டர் ரெசிஸ்டரும் சேர்த்து மாற்ற வேண்டும், முதல் ஆன் 100 வாட்ஸ் குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் நடக்க வேண்டும், பயாஸை மீட்டரில் அளந்து, ஒரு மணி நேரம் ஓட்டியபின் மறுபடி அளந்து எழுதித் தர வேண்டும். சீரிஸ் பல்பின் நன்மை இதுதான்: உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து கரண்டைத் தானே வாங்கிக்கொள்ளும், புதுப் பாகம் பிழைக்கும். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கும் கடையில் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. 'புரொடெக்ட்டை பைபாஸ் செய்து தருகிறேன்' என்று யாராவது சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் உள்ளே இருக்கும் ஐம்பது வோல்ட் அளவு டி.சி. அப்படியே ஸ்பீக்கருக்குப் போகும். காயில் கருகும், தீயும் பிடிக்கலாம். 'புரொடெக்ட்' வரும்போது ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ரிலே என்ற மின்சுவிட்ச் உங்கள் வீட்டைக் காப்பதற்காக வைத்தது.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரையை ஒட்டியது. இடது ஸ்பீக்கரில் சத்தம் காணாமல் போகிறது. வால்யூமைச் சட்டென்று கூட்டினால் திரும்பி வருகிறது. ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தாயிற்று, பலன் இல்லை.
— வாசகி, தேவனாம்பட்டினம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. குறைந்த சத்தத்தில் போய், கூட்டினால் வருவது ஸ்பீக்கர் ரிலேயின் கோளாறு. அந்த ரிலேயின் மூடியைக் கழற்றி லென்ஸில் பார்த்தால் எதிரெதிராக இரண்டு சிறிய உலோகப் பொட்டுகள் தெரியும். புதிதில் வெள்ளியாய் மின்னும். உங்களுடையதில் நடுவில் கறுப்பாய் ஒரு வட்டம் படிந்திருக்கும். அந்தப் படலத்தைச் சிறிய சிக்னலால் உடைக்க முடியாது. பெரிய சிக்னல் உடைத்துக்கொண்டு போகும். அதனால்தான் கூட்டினால் வருகிறது. உப்புத் தாளால் தேய்த்துக் கொடுப்பார்கள். வேண்டாம். மேல்பூச்சு போய்விடும், சில மாதத்தில் முன்னைவிட மோசமாகும். அதே வோல்டேஜ், அதே ஆம்பியர் உள்ள புது ரிலே போடச் சொல்லுங்கள். விலை பெரிதில்லை.

உப்புக் காற்று உங்கள் வீட்டில் நிற்கப்போவதில்லை. ஸ்பீக்கர் வயரின் நுனியைப் பாருங்கள், பச்சையாகக் களிம்பேறியிருக்கும். பச்சை எங்கே முடிந்து செம்பு நிறம் தொடங்குகிறதோ அந்த இடம்வரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவிப் பொருத்துங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். ஹெச்.டி.எம்.ஐ., ஆப்டிகல் என்று பயன்படுத்தாத வாய்கள் பின்னால் திறந்து கிடக்கும். அவற்றுக்கான ரப்பர் மூடிகள் கிடைக்கின்றன, போட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் அணைத்தே வைக்காமல், இடி மின்னல் இல்லாத நாளாகப் பார்த்து ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். உள்சூட்டில் ஈரம் வெளியேறும். ஜன்னல் கடலைப் பார்த்திருந்தால் பெட்டியை எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள்.

கேள்வி: டி.வி.யில் படம் வரவில்லை, சத்தமும் விட்டு விட்டு வருகிறது. ஹெச்.டி.எம்.ஐ. போர்டில் சிப்புக்கு ஹீட் கன் வைத்துச் சரிசெய்து கொடுத்தார். மூன்று வாரத்தில் மறுபடியும் போய்விட்டது. மீண்டும் ஹீட் கன் வைக்கலாமா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: வைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். அந்தச் சிப்புக்குக் கால்கள் வெளியே தெரியாது. அடிவயிற்றில் கடுகு கடுகாக நூற்றுக்கணக்கான பற்றுக் (சால்டர்) குண்டுகள் இருக்கும், அவைதான் கால்கள். ஆன் செய்யும்போது சூடாகி விரிந்து, அணைத்ததும் ஆறிச் சுருங்கி, ஆண்டுக்கணக்கில் இப்படியே நடந்து ஏதோ ஒரு குண்டில் மயிரிழை விரிசல் விழுகிறது. மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்கு ஐரோப்பா விதித்த தடை 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பிறகு உலகம் முழுக்கத் தயாரிப்பாளர்கள் ஈயமில்லாத பற்றுக்கு மாறினார்கள். பழைய ஈயப் பற்று 183 டிகிரியில் உருகும். புதியது 217 டிகிரி அளவில்தான் உருகும். வளைந்துகொடுக்கும் தன்மையும் அதற்குக் குறைவு. ஹீட் கன் காட்டும்போது விரிசல் விழுந்த இடம் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். உண்மையில் ஒட்டுவதில்லை. சில நேரம் விரிசல் சிப்பின் உள்ளேயே இருக்கும். அதற்கு எந்தச் சூடும் மருந்தில்லை.

முறையான வழி இரண்டு. சிப்பைக் கழற்றி, சுத்தம் செய்து, புதுக் குண்டுகள் வைத்துத் திரும்பப் பொருத்துவது ஒன்று. மொபைல், லேப்டாப் போர்டு வேலை செய்யும் கடைகளில் இதற்கான இயந்திரம் இருக்கிறது. போர்டையே மாற்றுவது மற்றொன்று. எதைச் செய்தாலும் அந்தச் சிப் ஏன் இவ்வளவு சூடானது என்பதற்கு வழி செய்யாவிட்டால் திரும்ப வரும்.

ஷோகேஸ்தான் ரிசீவரின் முதல் பகை. மேலே ஒரு தட்டு, பக்கங்களில் பலகை, முன்னால் கண்ணாடிக் கதவு. ஏ.வி. ரிசீவர்களில் பெரும்பாலானவை வாங்கும் மின்சாரத்தில் பெரும்பங்கைச் சூடாகத்தான் வெளியே விடுகின்றன. அந்தச் சூடு போக வழியில்லை. கெபாசிட்டர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும். நம் ஊரில் வைகாசியில் அறையே 35, 36 டிகிரியில் இருக்கிறது. அதற்கு மேல் அலமாரி தன் பங்கைச் சேர்க்கிறது. பெட்டிக்கு மேலே ஒரு சாணாவது இடம் வேண்டும். பின்பலகையை வெட்டி எடுங்கள். கண்ணாடிக் கதவைப் படம் பார்க்கும்போது திறந்தே வையுங்கள். மேலே செட்-டாப் பாக்ஸையோ, பூ வேலை செய்த துணியையோ வைக்காதீர்கள். 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை 7 வோல்ட் அளவில் மெதுவாக ஓடவிட்டு, பெட்டியின் மேல் சூட்டை வெளியே இழுக்கும்படி வைத்தால் சத்தமே கேட்காது. இந்த ஒரு ஃபேன் காப்பாற்றிய போர்டுகள் ஏராளம்.

கேள்வி: தம்பி, எங்கள் பெட்டிக்குள் பல்லி செத்துக் கிடந்ததாம். அதனால்தான் புகை வந்தது என்கிறார்கள். நம்பலாமா?
— வாசகி, அரியாங்குப்பம்

பதில்: நம்பலாம் அம்மா. ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதும் பவர் போர்டு வெதுவெதுப்பாகவே இருக்கும். பல்லியும் எறும்பும் கரப்பானும் அந்தச் சூட்டைத் தேடி வரும். 230 வோல்ட் ஓடும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே பல்லி படுத்தால் ஃப்யூஸ் போகும், சில நேரம் சுற்றியுள்ள பாகங்களும் போகும். பலகையில் கருகின தடம் இருந்தால் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் புது ஃப்யூஸ் போடக் கூடாது. கரி மின்சாரத்தைக் கடத்தும், மறுபடியும் புகையும். காற்றுத் துளைகளில் கொசுவலை ஒட்டாதீர்கள், சூடு போகாது. இரவில் சுவர் சுவிட்சிலேயே அணைத்துவிடுங்கள். சூடு இல்லாத பெட்டிக்குள் பல்லிக்கு வேலை இல்லை.

கேள்வி: ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ரிசீவரின் ஹெச்.டி.எம்.ஐ. வாய் போய்விடுகிறது. இடி இடிக்கும்போது ரிசீவரின் பிளக்கைக் கழற்றித்தான் வைக்கிறேன். அப்படியும் எப்படிப் போகிறது? ஸ்பைக் பஸ்டரும் போட்டிருக்கிறேன்.
— வாசகர், லாஸ்பேட்டை

பதில்: பிளக்கைக் கழற்றினீர்கள், ஹெச்.டி.எம்.ஐ. கேபிளைக் கழற்றினீர்களா? கேட்கக் காரணம் இருக்கிறது. மாடியில் டிஷ், அதிலிருந்து கறுப்புக் கேபிள், கேபிள் செட்-டாப் பாக்ஸுக்கு, செட்-டாப் பாக்ஸிலிருந்து ஹெச்.டி.எம்.ஐ. ரிசீவருக்கு, ரிசீவரிலிருந்து டி.வி.க்கு. இது முழுவதும் ஒரே உலோகத் தொடர். பக்கத்துத் தெருவில் மின்னல் இறங்கினால்கூட அந்தக் கேபிளில் கணநேரத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்படும். அது எர்த்தைத் தேடும். வழியில் இருக்கும் ஹெச்.டி.எம்.ஐ. சிப்போ ஐந்து வோல்ட்டுக்கு மேல் தாங்காத உயிர். ரிசீவரின் பவர் பிளக் கழன்றிருப்பதால் இந்த வழி அடைபடாது.

உங்கள் பகுதியில் ஒரு வீட்டில் இதே புகாருக்குப் போயிருந்தேன். டிஷ் கேபிளைச் செட்-டாப் பாக்ஸிலிருந்து கழற்றி, அதன் வெளி உலோகத்துக்கும் ரிசீவரின் ஹெச்.டி.எம்.ஐ. கூட்டுக்கும் நடுவே மீட்டர் வைத்தேன். மழையும் இல்லை, மின்னலும் இல்லை. மீட்டர் நூறு வோல்ட்டை ஒட்டிக் காட்டியது. வீட்டார் பயந்துவிட்டார்கள். அது ஆளைக் கொல்லும் கரண்ட் இல்லை. எர்த் பின் இல்லாத அடாப்டர்கள் வடிகட்டிக் கெபாசிட்டர் வழியே கசியவிடும் மெல்லிய கசிவு. விரலில் சுருக்கென்று எறும்பு கடித்தது போல இருக்கும். ஆனால் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹெச்.டி.எம்.ஐ. கேபிளைச் சொருகினால், உலோகக் கூடு சரியாகத் தொடாமல் உள்முனை தொட்டுவிடும் நேரத்தில் அந்தக் கசிவே சிப்பைக் கொல்லப் போதும். மழைக்கால இடியை நொந்துகொள்கிறோம், சாதாரண நாளில் நம் கையே செய்கிற வேலை இது. எல்லா இணைப்பையும் கொடுத்த பிறகே பவர் கொடுங்கள். கழற்றும்போது முதலில் பவரைக் கழற்றுங்கள்.

அந்த வீட்டில் எர்த்தும் பெயருக்குத்தான் இருந்தது. மூன்றாவது பின்னில் பச்சை வயர் இருக்கிறது, வெளியே குழியில் பைப்பும் இருக்கிறது. பைப்பையும் வயரையும் இணைத்த போல்ட் துருவேறி, கையால் தொட்டதும் உதிர்ந்து விழுந்தது. உப்பும் கரியும் போட்ட குழி, கடற்கரை ஊர், கோடை முழுவதும் காய்ந்த மணல். வேறு என்ன ஆகும்? பிளக் பாயிண்டில் எலக்ட்ரீஷியனை விட்டு அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 என்றால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு, மூன்று வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எங்கோ குறை. மீட்டர் மட்டும் போதாது. எர்த் டெஸ்டரால் குழியின் ஓம் மதிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏனென்றால் துருப்பிடித்த இணைப்பும் மீட்டருக்குச் சரியான வோல்டேஜைக் காட்டிவிடும்.

ஸ்பைக் பஸ்டர் பற்றி. அதற்குள் இருக்கும் எம்.ஓ.வி. என்ற வட்டப் பாகம் ஒவ்வோர் அதிர்வையும் வாங்க வாங்கத் தேயும். எர்த் இல்லாத இடத்தில் அதன் வேலை பாதிதான். அது டிஷ் கேபிளைப் பார்ப்பதும் இல்லை. டிஷ் கேபிள் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் அதன் வெளி உலோகத்தை எர்த்தோடு இணைக்கும் சிறிய பிளாக் கிடைக்கிறது, அதைப் பொருத்துங்கள். டிஷ் நிற்கும் இரும்புக் குழாயையும் எர்த் செய்யுங்கள். மெயின் போர்டில் எஸ்.பி.டி. என்ற, திடீர் மின்னதிர்வை எர்த்துக்குத் திருப்பும் காப்புக் கருவியை வைத்துக்கொள்வதும் நல்லது. இவ்வளவும் செய்தாலும், இடி தொடங்கியதும் பவர் பிளக், டிஷ் கேபிள், லேன் கேபிள் மூன்றையும் கையால் கழற்றி வைப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. தலைக்கு மேல் வந்த பிறகு கழற்றப் போகாதீர்கள், தூரத்தில் முழங்கும்போதே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: பாரிஸில் இருக்கும் சித்தப்பா ஒரு ரிசீவர் கொண்டுவந்து கொடுத்தார். அமெரிக்காவில் இருக்கும் அண்ணனும் ஒன்று அனுப்புவதாகச் சொல்கிறார். இரண்டும் இங்கே ஓடுமா?
— வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: சித்தப்பாவுடையது ஓடும். பிரான்சிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்கை மட்டும் கவனியுங்கள். பிரெஞ்சு பிளக்கின் உருண்டைக் கால் நம் சாக்கெட்டில் தளர்வாகவே உட்காரும். தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும், அந்தப் பொறி பவர் போர்டைத் தின்னும். வயரின் நுனியில் நம் ஊர்ப் பிளக்கைப் போட்டுவிடுங்கள்.

அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்தால் வோல்டேஜ் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. 60-க்குக் கட்டிய டிரான்ஸ்பார்மரை 50-ல் ஓட்டினால் அதன் இரும்பில் காந்தப் பாய்வு ஐந்தில் ஒரு பங்கு கூடும். ரீங்காரமும் சூடும் கூடவே வரும். அத்தோடு என்றைக்காவது யாராவது தெரியாமல் நேராகச் சுவர்ப் பிளக்கில் சொருகிவிடுவார்கள். அப்படிச் சொருகி வந்த பெட்டிகளில் டிரான்ஸ்பார்மரோடு மற்றவையும் வெந்துதான் இருந்திருக்கின்றன.

கேள்வி: ரிசீவருக்கு ஸ்டெபிலைசர் அவசியமா? இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?
— வாசகர், காலாப்பட்டு

பதில்: வோல்டேஜ் சாதாரணமாக 210-லிருந்து 245-க்குள் இருந்தால் ஸ்டெபிலைசர் வேண்டாம். ஆனால் தெருவில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 300-க்கு மேல்கூட வரும். அதற்கு, வோல்டேஜ் ஏறினால் உடனே துண்டித்துவிட்டுச் சில நிமிடம் கழித்து இணைக்கும் சிறிய புரொடெக்டரை மெயின் போர்டில் போடுங்கள். எல்லாப் பொருளுக்கும் காப்பு. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ரிசீவரை ஓட்ட வேண்டாம். சைன் வேவ் என்றால் ஓட்டலாம்.

கேள்வி: 2024 ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் ரிசீவர் நனைந்துவிட்டது. காயவைத்து ஆன் செய்தோம், ஓடியது. இப்போது ஒவ்வொரு மாதமும் ஒவ்வொன்று போகிறது.
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: ஐயா, உங்கள் வீட்டில் அந்த டிசம்பரில் என்னென்ன போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். தென்பெண்ணை வெள்ளத்தில் நனைந்த பொருள்கள் என் கடை வாசலிலும் அடுக்கிக் கிடந்தன. மனம் நோகாமல் சொல்ல வழியில்லை: இந்தப் பெட்டிக்கு இனிமேல் செலவழிக்காதீர்கள். தண்ணீர் காய்ந்தது, அது கொண்டுவந்த சேறும் உப்பும் சிப்புகளின் அடியில் தங்கிவிட்டன. ஈரக் காற்று பட்டால் அவை மறுபடி உயிர்பெற்றுச் செம்பைத் தின்னும். இன்று ஒரு பாகத்தை மாற்றினால் அடுத்த மாதம் அதன் பக்கத்துப் பாகம் போகும். ஸ்பீக்கர்கள் உயரத்தில் இருந்து தப்பியிருந்தால் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள், புது ரிசீவரோடு சேரும்.

இனி எப்போதாவது பொருள் வெள்ளத்தில் நனைந்தால், காயவைக்காமல், ஆன் செய்யாமல், அப்படியே கொண்டுவாருங்கள். சேறு ஈரமாக இருக்கும்போதே நல்ல தண்ணீரில் அலசி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவி எடுத்தால் பல போர்டுகள் பிழைக்கும். காய்ந்து இறுகிய சேற்றை எடுப்பது அரிது. அடுத்த முறை வாங்கும் பெட்டியைக் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள்.

கேள்வி: வாரண்டிக்குள்ளேயே மூன்று முறை ஒரே போர்டு போனது. ஒவ்வொரு முறையும் மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது வாரண்டி முடிந்து இரண்டு மாதத்தில் மறுபடியும் போய்விட்டது. 'பார்ட் வராது, புதிது வாங்குங்கள்' என்கிறது சர்வீஸ் சென்டர். நான் ஏமாந்ததுதானா?
— வாசகி, வில்லியனூர்

பதில்: ஏமாந்ததாக எண்ணி உட்கார்ந்துவிடாதீர்கள். வாரண்டிக்குள் மூன்று முறை ஒரே போர்டு போனது உங்கள் பக்கத்து வலுவான சான்று. பிழை உங்கள் பயன்பாட்டில் இல்லை, பொருளிலேயே இருக்கிறது என்று வாதிட அது உதவும். ஒவ்வொரு முறையும் கொடுத்த ஜாப் ஷீட் இருக்கிறதா? இல்லையென்றால் தேதியோடு நகல் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பேச்சில் கேட்டது எதுவும் செல்லாது. 'பார்ட் வராது' என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். பல நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

பார்ட் கிடைக்காததற்கு உண்மையான காரணங்களும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகாவில் அசாஹி காசெய் குழுமத்தின் சிப் தொழிற்சாலை எரிந்தது. ரிசீவர்களில் டிஜிட்டல் ஒலியை அனலாக் ஒலியாக மாற்றித் தரும் சிப்புகள் பலவும் அங்கிருந்துதான் வந்தன. தயாரிப்பாளர்கள் வேறு சிப்புக்கு மாறி, போர்டையே திருத்தி வடிவமைக்க நேர்ந்தது. புகழ்பெற்ற ஒன்கியோ நிறுவனம் 2022 மே மாதம் திவாலானது. பெயர் இன்று வேறு கைகளில் தொடர்கிறது. இவையெல்லாம் இருந்தாலும், நேற்று விற்ற பொருளுக்கு இன்று பார்ட் இல்லை என்று கைவிரிக்க யாருக்கும் உரிமை இல்லை என்பதே என் எண்ணம். அந்தப் பொறுப்பை விற்றவர்தான் சுமக்க வேண்டும்.

வழக்கு முடியும்வரை வீடு சத்தமில்லாமல் இருக்க வேண்டியதில்லை. போயிருப்பது ஹெச்.டி.எம்.ஐ. போர்டு மட்டும், ஆம்ப்ளிஃபயர் நலமாக இருக்கிறது என்றால் ஒரு வழி உண்டு. செட்-டாப் பாக்ஸ், பிளேயர் எல்லாவற்றையும் டி.வி.யிலேயே சொருகுங்கள். டி.வி.யின் பின்னால் இருக்கும் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ரிசீவரின் ஆப்டிகல் இன்னுக்கு ஒரு கேபிள் போடுங்கள். டி.வி.யின் ஒலி அமைப்பில் டால்பி டிஜிட்டல் அல்லது பிட்ஸ்ட்ரீம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் 5.1 சத்தம் வரும். மேலிருந்தும் ஒலி வரச்செய்யும் அட்மாஸ் வராது, மற்றபடி குறையிருக்காது. சில மாடல்களில் ஆப்டிகல் வாயும் அதே போர்டைக் கடந்துதான் போகும், அப்படியானால் ஓடாது. கேபிள் வாங்குவதற்கு முன், அக்கம்பக்கத்தில் இரவல் கேட்டு ஒருமுறை சொருகிப் பாருங்கள். ஆப்டிகல் கேபிளில் உலோகம் கிடையாது, வெறும் ஒளிதான் போகும். அதனால் லாஸ்பேட்டை வாசகருக்கு நான் எழுதிய மின்னல் தொல்லை இந்தக் கேபிள் வழியாக வராது.